சின்ன முள்ளு எங்கே

முந்நூற்று இருபது சட்டைக்கு இடது முன்பக்கத்தை மட்டும் வெட்டி அடுக்கிய ஆளை முட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. பாவம், தூக்கமில்லை என்றார்கள். அந்த ஆள் எங்கள் சட்டைக் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். எனக்கு அங்கே செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையைப் பிரித்துப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. என் பேச்சில் கொஞ்சம் புளிப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். துணிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று இரண்டு உண்டு. நல்ல பக்கத்தில் அச்சு சற்றுப் பளிச்சென்று இருக்கும். நீள மேசையில் துணியை விரிக்கும்போது ஒரு மடிப்பு நல்ல பக்கம் மேலே, அடுத்த மடிப்பு நல்ல பக்கம் கீழே என்று மாற்றி மாற்றி விரிக்க வேண்டும். அப்போதுதான் ஒரே வெட்டில் இடதும் வலதும் சோடியாக வரும். விரிப்பது இரண்டு பெண்கள். ஓரத்தைப் புரட்டிப் பார்த்துச் சரி சொல்வது மாஸ்டர். அன்று வந்த புதுப்பெண்கள் எல்லா மடிப்பையும் ஒரே மாதிரி விரித்துவிட்டார்கள். மாஸ்டர் ஓரத்தைப் புரட்டினார், சரி என்றார், மிஷின் கத்தியை ஓட்டினார். தையல் லைனில் மூட்டையைப் பிரித்தால் அறுநூற்று நாற்பது துண்டும் இடது. வலது என்று ஒன்றுகூட இல்லை.

மானேஜர் கூப்பிட்டுக் கேட்டார். மாஸ்டரிடம் பதில் தயாராக இருந்தது.

"பொண்ணு எங்க நடுவுலதான் படுக்குறா சார். ராத்திரி பூரா உதைக்கிறா. ஒரு மாசமா கண்ணு மூடல."

மானேஜர் தலையாட்டினார். சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நாலரை வயதுக் குழந்தை அது, என் இடுப்புக்குக்கூட வராது. அதன் காலைக் கொண்டுபோய் அறுநூற்று நாற்பது துண்டு துணிமேல் வைத்துவிட்டு எல்லோரும் நிம்மதியாக வேலைக்குத் திரும்பினார்கள்.

டீ நேரத்தில் பார்க்க வேண்டும். மழைக்காலம், ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். துணிப்பஞ்சு டீயில் விழுந்துகொண்டிருந்தது. அதை விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டே குழந்தை எங்கே படுக்க வேண்டும் என்று கம்பெனியே விவாதித்தது. பட்டன் வைக்கிறவன் கூடாது என்றான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இஸ்திரி போடுகிறவர் பத்து வயதுவரை பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவர் குடித்துவிட்டு வாசலில் படுக்கிறவர், பக்கத்தில் யார் படுத்தாலும் அவருக்குத் தெரியாது. பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற பெரியவர் மட்டும் தன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் பழைய கட்டிங் மாஸ்டர். கண்ணாடி போட்ட வருஷமே அவரைக் கத்தியிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணாடி மாஸ்டர் என்றுதான் அவருக்குப் பேர். கம்பெனியில் கண்ணாடி போட்டவன் கத்தியைத் தொட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

மாஸ்டர் வீடும் என் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். வெளிரூம், உள்ரூம், ஓரமாக ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. உள்ரூமில் ஒரு பெரிய கட்டில். கட்டிலுக்கு எதிரே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கடிகாரம். கையில் போன் வராத காலம், வீட்டுக்கு ஒரு கடிகாரம்தான். மாஸ்டரின் பெண்டாட்டிக்குப் பட்டன் துளை போடும் காஜா மிஷினில் வேலை. அவளுக்கும் எனக்கும் ஆறு மணி ஷிப்ட். ஐந்தரைக்கெல்லாம் சமைத்து மூடி வைத்துவிட்டு இருவரும் ஒரே குடையில் கிளம்பிவிடுவோம். மாஸ்டருக்கு எட்டு மணிக்குத்தான் வேலை. அதுவரை அப்பாவும் மகளும் கட்டிலில் கிடப்பார்கள். பிறகு அவர் குழந்தையைத் தன் அக்கா நடத்தும் நர்சரியில் விட்டுவிட்டுக் கம்பெனிக்கு வருவார்.

அந்தக் குழந்தைக்கு வாண்டு என்று பேர் வைத்தவள் நான். நாலரை வயதில் மணி பார்ப்பாள். "சின்ன முள்ளு ஏழுக்கிட்ட, பெரிய முள்ளு மூணுல" என்பாள். அதை அவள் அத்தை, தன் நர்சரியின் பெருமை என்று வருகிற பெற்றோரிடமெல்லாம் காட்டுவாள். வாண்டுவை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தி மணி கேட்பாள். எத்தனை பேர் அந்த நர்சரியில் படித்தார்கள், இவள் ஒருத்தி மட்டும் எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இடது சட்டை நடந்த அந்த வாரமே லீவு நாளில் அக்கா வந்து இறங்கினாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர். எதையும் தெரியாது என்று சொல்லும் பழக்கமில்லாத பெண்மணி. நான் சர்க்கரை கடன் வாங்கப் போன சாக்கில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் இருந்தன. மாஸ்டர் முட்டையை உரித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

"மூணு வயசுக்கு மேல குழந்தையைப் பக்கத்துல போடக்கூடாதும்மா" என்று டீச்சர் ஆரம்பித்தாள். "தன்னம்பிக்கையே வராது. நாளைக்குப் பெருசானாலும் ஒட்டிக்கிட்டே நிக்கும். புருஷன் பொண்டாட்டி நடுவுல மதில் மாதிரி ஒண்ணு படுத்திருந்தா குடும்பம் எப்படி உருப்படும்?"

"மதில் இருக்கிறதால நிக்கிற வீடும் இருக்கு அண்ணி" என்றாள் காஜாக்காரி.

"உனக்கு எல்லாம் கிண்டல். இவனுக்கு வேலை போயிரும், தெரியுதா? இன்னொரு தடவை இப்படி வெட்டினா அவங்க சும்மா விடுவாங்களா?"

"அவ உதைக்கிறாதான். இன்னிக்கா உதைக்கிறா? பொறந்த நாள்லேர்ந்து உதைக்கிறா. நாலு வருஷமா நேரா வெட்டினாரு, இப்ப மட்டும் என்ன? அவ எங்க நடுவுல கிடந்தாத்தான் எனக்குத் தூக்கம். நாள் பூரா புள்ளையைக் கண்ணால பாக்கிறது கிடையாது. அந்த ஆறு மணி நேரமாவது கைக்குள்ள இருக்கட்டுமே."

"அது உன் ஆசை. குழந்தைக்கு நல்லது எதுன்னு பாக்கணும்."

"நீங்க கல்யாணம் ஆகிற வரைக்கும் உங்க அம்மா பக்கத்துலதான் படுத்தீங்கன்னு இவர் சொன்னாரே."

டீச்சர் தம்பியைப் பார்த்தாள். தம்பி முட்டையைப் பார்த்தார். மனைவி அவரையே நேராகக் கேட்டாள், நீங்க சொல்லுங்க, அவ உதைக்கிறதாலதான் தப்பாச்சா என்று. அவர் கொஞ்ச நேரம் உப்பைத் தேடினார். உப்பு அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான்தான் நகர்த்திக் கொடுத்தேன்.

"ஆமா" என்றார். "அவ தனியாப் படுக்கட்டும்."

ஆம்பிளை ஒருவன் தன் வாயால் சொன்ன பிறகு அதற்குமேல் என்ன. தச்சரிடம் சொல்லி ஒரு சின்னக் கட்டில் வந்தது. வெளிரூமில் ஜன்னலுக்குக் கீழே போட்டார்கள். டீச்சர் சட்டமெல்லாம் போட்டுக் கொடுத்தாள். இரவில் அழுதால் எடுக்கக் கூடாது. காலையில் ஓடிவந்து பெரிய கட்டிலில் ஏறக் கூடாது. அப்பா எழுந்து வெளியே வரும்வரை உள்ரூம் படியைத் தாண்டக் கூடாது. தனியாகத் தூங்கிய ஒவ்வொரு நாளுக்கும் நர்சரியில் புறங்கையில் ஒரு சிவப்பு நட்சத்திர முத்திரை. வாண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பாவுக்கு மணி யாரு சொல்லுவா?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். டீச்சர் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்து, என்ன பொறுப்பு பார் என்றாள். மாஸ்டர் மட்டும் எழுந்துபோய்க் கை கழுவினார்.

மூன்று நாள் அழுகை சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. அதைவிட அவள் அம்மா கட்டிலில் புரள்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. நான்காம் நாள் இரண்டும் நின்றன. காஜாக்காரி என்னோடு குடைக்குள் நடந்து வரும்போது ஒரு வார்த்தை பேசமாட்டாள். மழைத் தண்ணீரில் செருப்பை இழுத்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் மட்டும், "ராத்திரி கை தானா நடுவுல தடவுதுக்கா, வெறும் போர்வைதான் இருக்கு" என்றாள். பழகிடும் என்றேன். உலகத்தில் இதைவிடச் சோம்பேறித்தனமான ஆறுதல் கிடையாது.

வாண்டுவின் கையில் நட்சத்திரம் ஏறிக்கொண்டே போனது. டீச்சர் பூரித்தாள். மாஸ்டருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. இதுவரை எட்டு மணிக்குச் சரியாக வருகிற ஆள், ஒரு நாள் ஆறே முக்காலுக்கு வந்து மழையில் கேட் வெளியே நின்றார். கையில் தூக்கக் கலக்கத்தோடு குழந்தை வேறு. நர்சரியே திறந்திருக்காது. இன்னொரு நாள் ஒன்பதேகாலுக்கு வந்து, மணி எட்டுதானே என்றார். கேட்காரர் நாலு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் பெண்டாட்டி இல்லாத நேரத்தில் மாஸ்டர் யாரைக் கனவு கண்டு படுத்திருக்கிறார் என்று தையல் லைனில் வேறு விதமாகவும் பேசினார்கள்.

அடுத்த வாரம் மறுபடியும் அதே கூத்து. நீலத் துணி, எல்லா மடிப்பும் ஒரே பக்கம். மாஸ்டர் ஓரத்தைப் புரட்டி, விரல் நுனியால் தேய்த்துப் பார்த்து, சரி என்றார். இந்த முறை பக்கத்து மேசையில் விரித்துக்கொண்டிருந்த ஒருத்தி பழையவள். அவள் வந்து நாலு மடிப்பைப் புரட்டிக் காட்டி, இது சரியா மாஸ்டர் என்று கேட்டாள். கத்தி ஓடுவதற்கு முன் நிறுத்தியதால் துணி பிழைத்தது. மானேஜர் வந்தார். இப்போதுதான் குழந்தை தனியாகத் தூங்குகிறதே, இப்போது என்ன என்று கேட்டார்.

"வீடு ரொம்ப அமைதியா இருக்கு சார். அந்த அமைதியில தூக்கம் வரல."

இதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள் என்றால் நம்ப வேண்டும். குழந்தை உதைத்தாலும் குற்றம், உதைக்காவிட்டாலும் குற்றம். அன்று என் மேசையில் வந்த சட்டைகளில் பாதியைத் திருப்பி அனுப்பினேன், எனக்கு வந்த எரிச்சலில்.

உண்மை வெளியே வந்தது காஜாக்காரியின் காய்ச்சலால். ஒரு காலை என் கதவைத் தட்டி, தலை சுற்றுகிறது, லீவு சொல்லிவிடுங்கள் அக்கா என்றாள். திரும்பிப் போனவள் புருஷனை எழுப்பாமல் சமையலறையில் ஒரு கோணியை விரித்துப் படுத்துவிட்டாள். அவர் வழக்கம்போல அவள் வேலைக்குப் போய்விட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். மாலையில் நான் மாத்திரையோடு போனபோது அவள் அந்தக் கோணிமேலேயே உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது, முகத்தில் சூடு இறங்கவில்லை.

"நான் பாத்தேன்க்கா" என்றாள். "கொஞ்சம் விடிஞ்சதும் உள்ளேர்ந்து மெதுவாக் கூப்பிடுறாரு, வாண்டு, சின்ன முள்ளு எங்கன்னு. அவ தூக்கத்துலயே எந்திரிச்சு வர்றா. உள்ள போகல. படிக்கு இந்தப் பக்கமே நிக்கிறா. நின்னு, தலையை மட்டும் உள்ள நீட்டிப் பாத்து, சின்ன முள்ளு ஆறுலப்பாங்கிறா. தூக்கக் கலக்கத்துல சில தடவை முள்ளை மாத்திச் சொல்லிடுறா. சரி, போய்ப் படுங்கிறாரு. திரும்பி வந்து படுத்துக்கிறா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கூப்பிடுறாரு. மறுபடியும் வந்து படிக்கு இந்தப் பக்கம் நிக்கிறா. அஞ்சு தடவைக்கா. ஒரு தடவைகூட அந்தப் படியைத் தாண்டல."

"அப்ப அவருக்கு..."

"கண்ணு தெரியல. சுவத்துல இருக்கிற கடிகாரம் தெரியல. கண்ணுக்குக் கீழ இருக்கிற துணியும் தெரியல. எத்தனை மாசமோ."

அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். நான் அப்படிப்பட்டவள் இல்லை, உட்கார்ந்திருந்தேன். அவள் கத்தவில்லை. அவர் முகத்துக்கு எதிரே நாலு அடி தள்ளி நின்று மூன்று விரலைக் காட்டி, எத்தனை என்றாள். அவர் நாலு என்றார். பிறகு ரெண்டு என்றார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணாடி போட்டா பேக்கிங்தான்" என்றார். "டேப் ஒட்டணும். கண்ணாடி மாஸ்டர்னு கூப்பிடுவானுங்க. பதினோரு வருஷம் கத்தி பிடிச்சவன் நான்."

"விரல் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"அதைக்கூட விடுங்க. உங்க கண்ணை மறைக்கிறதுக்கு என் புள்ளையோட காலைக் காட்டிக் குடுத்தீங்களே. அவ ராத்திரி மூணு நாள் அழுதா. நான் எந்திரிச்சுப் போகாம பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். உங்களுக்கு வேலை போயிரக்கூடாதுன்னு கிடந்தேன். நீங்க பக்கத்துல கிடந்து அதைக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"கேட்டேன்" என்றார் அவர். எனக்கு அந்த ஆள்மேல் இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் அந்த ஒரு வார்த்தையோடு போய்விட்டது.

மறுநாளே அவள் அவரைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாள் மானேஜர் அறைக்கும் அவளே அழைத்துப் போனாள். நான் சட்டை மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் நின்றேன். மாஸ்டர் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவர் மாதிரி. மானேஜருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கண்ணாடி போட்டா பேக்கிங்னு எவன்யா சொன்னான்? நானே கண்ணாடிதான் போட்டிருக்கேன். அந்தப் பெரியவருக்குக் கை நடுக்கம். அதை வெளியில சொல்ல வேணாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு, அதான் சும்மா மாத்தி உக்கார வச்சேன். போய் வேலையைப் பாருங்க. இனிமே தப்பா வெட்டினா மட்டும் பேக்கிங்."

அப்படி ஒரு சட்டமே கிடையாது. மானேஜர் போடவில்லை, முதலாளி போடவில்லை. டீ நேரத்தில், துணிப்பஞ்சை எடுத்துப் போட்டுக்கொண்டே, யாரோ ஒருவர் பேச்சுவாக்கில் உண்டாக்கிய சட்டம் அது. அந்த ஒருவர் நான்தான். பெரியவர் கண்ணாடியோடு பேக்கிங்கில் வந்து உட்கார்ந்த முதல் நாள், கண்ணாடி மாஸ்டர் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவளும் நான்தான். இத்தனை பக்கம் மற்றவர்களைத் திட்டிவிட்டு இதை மறைத்தால் நான் அந்த மாஸ்டரைவிட மட்டமானவள் ஆகிவிடுவேன்.

அந்த லீவு நாளில் காலையிலேயே டீச்சர் வந்திருந்தாள். கண்ணாடி விஷயம் கேள்விப்பட்டு வந்தவள். தம்பிக்குக் கண் கெட்டதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமில்லை, குழந்தை தனியாகப் படுக்கப் பழகியதை யாரும் கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. காஜாக்காரி பெரிய கட்டிலின் விரிப்பை உதறி, நடுவில் வாண்டுவின் பழைய தலையணையைப் போட்டாள். மழை விட்டு வெயில் வந்திருந்தது. மாஸ்டர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, புதுக் கண்ணாடி வழியாகச் சுவரையும் கடிகாரத்தையும் எங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தார். இத்தனை வயதாகிவிட்டதா இவளுக்கு என்று நினைத்திருப்பார்.

"வாண்டு" என்று கூப்பிட்டார்.

அவள் வந்தாள். படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். புறங்கையில் நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிவந்து கிடந்தன.

"உள்ள வாம்மா. ஏறிப் படு. இனிமே இங்கதான் படுக்கணும்."

அவள் கடிகாரம் இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். நன்றாக யோசித்துத்தான் சொன்னாள்.

"இனிமே நீயே பாத்துக்கலாம்லப்பா?"

டீச்சருக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. பாத்தியா, எவ்வளவு பக்குவம், நான் சொன்னேன்ல என்று என் தோளைத் தட்டினாள். காஜாக்காரி தலையணையைக் கையில் பிடித்தபடி நின்றாள். மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். மடித்துத் தன் தொடைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்றார். "சின்ன முள்ளு எங்க இருக்கு?"

குழந்தை தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தாள்.

"ஒன்பதுலப்பா" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கட்டிலுக்குத் திரும்பிப் போனாள்.